தேடிய நேரத்துக்குக் கூலி

லாரித் தொழிலில் உள்ளவர்களைப் பொதுவாகக் கஞ்சர்கள் என்று சொல்ல முடியாது. டயருக்கும் டீசலுக்கும் சுங்கச்சாவடிக்கும் முகம் சுளிக்காமல் பணத்தை எடுத்து வைக்கிறவர்கள் அவர்கள். பேட்டரி செத்துவிட்டது என்றால் புதிய ஜோடிக்குப் பல ஆயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு அன்றே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால், அந்தப் பேட்டரி ஏன் செத்தது என்பதை அரைநாள் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கண்ணில் மண்ணும் கிரீஸும் விழ, கடைசியில் கண்டுபிடித்துச் சொன்ன மனிதர் அதற்கென்று கூலி கேட்கும்போது மாத்திரம், "என்னத்த மாத்தின? ஒரு முழம் வயருதானே?" என்ற கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. இந்தக் கேள்வி அநியாயமானது என்பது ஒருபுறமிருக்க, நம் சாலைகளில் ஓடும் டீசல் வண்டிகளின் பாதுகாப்பையே மெல்ல மெல்லக் கெடுத்துவருவது என்பதுதான் இங்கே நான் சொல்ல விரும்பும் அபிப்பிராயம். பொருளுக்கு விலையுண்டு, மாட்டுவதற்குக் கூலியுண்டு, தேடுவதற்கு மட்டும் ஒன்றுமில்லை என்ற சம்பிரதாயம் எந்தத் தொழிலில் நிலைத்துவிடுகிறதோ, அந்தத் தொழிலில் தேடுகிறவர்கள் அருகிப்போய், மாட்டுகிறவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

பெங்களூரில் இதைக் கண்ணாரக் காண நீலசந்திராவுக்கு வரலாம். தமிழும் கன்னடமும் உருதும் தெலுங்கும் ஒரே டீக்கடை வாசலில் ஒரே பேச்சில் கலந்து ஒலிக்கிற பேட்டை இது. ஒருபுறம் ஆஸ்டின் டவுன், மறுபுறம் விவேக் நகர், ஈஜிபுரா. சற்றே தெற்கே நடந்தால் ஆடுகோடி. அந்த ஆடுகோடியில்தான், 1951-ஆம் ஆண்டில் தோன்றிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் துணையோடு, டீசல் எஞ்சினுக்கு எரிபொருளை அளந்து பீய்ச்சும் பம்புகளை இந்தியாவுக்கெல்லாம் செய்து கொடுத்தது. 2008-இல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறிவிட்டது. பழையவர்களுக்கு அது இன்றும், பழைய பெயரின் சுருக்கமான மைகோதான். அந்தத் தொழிற்சாலையின் நிழலில் கற்றும், கற்றவர்களிடம் கற்றும், ஒரு ஷட்டர், ஒரு மரமேஜை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட வயர்ச் சுருள்கள், இவற்றையே மூலதனமாகக் கொண்டு ஆட்டோ எலக்ட்ரீஷியன்களாக வாழ்கிறவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்துச் சந்துகளில் இருக்கிறார்கள். பலகையில் 'டைனமோ, செல்ஃப், வயரிங்' என்று எழுதியிருக்கும். வண்டியில் இருப்பது டைனமோ அல்ல, ஆல்டர்நேட்டர் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. வாடிக்கையாளருக்குப் பழகிய பெயரை மாற்றுவானேன் என்ற விவேகம்தான்.

அவர்களிடம் வருகிற வண்டிகளில் முக்கியமானது தண்ணீர் டேங்கர். 2024-ஆம் ஆண்டு கோடையில் நகரம் தண்ணீருக்குத் தவித்தபோது, மாவட்ட நிர்வாகம் தலையிட்டு, 5 கிலோமீட்டர் தூரத்துக்குள் 12,000 லிட்டர் டேங்கருக்கு 1,000 ரூபாய் என்று விலை நிர்ணயம் செய்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தண்ணீருக்கு விலை வைத்தார்கள், சரி. அந்தத் தண்ணீரைச் சுமக்கும் வண்டி எப்படிப்பட்ட ஜீவன் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பகலிரவு ஓயாத ஓட்டம். மேட்டிலும் பள்ளத்திலும் ததும்பித் ததும்பிப் பின்புறமெல்லாம் எப்போதும் ஈரம். அந்த ஈரத்திலேயே பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு ஆகியவற்றின் வயர்களும் ஹோல்டர்களும். பச்சை பூத்த செம்பையும் துருவேறிய ஹோல்டரையும் பார்க்க வேண்டுமானால் ஒரு டேங்கரின் பின்பக்கத்தைப் பார்த்தாலே போதும்.

டீசல் வண்டியில் மின்சாரம் அலட்சியம் செய்யப்பட்டதற்குச் சரித்திரக் காரணம் ஒன்று உண்டு. பெட்ரோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். டீசல் எஞ்சினுக்கு வேண்டியதில்லை. காற்றை அழுத்திய அழுத்தத்திலேயே அது பழுக்கக் காய்ந்து, உள்ளே பீய்ச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும்படி செய்ததுதான் ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் தத்துவம். அந்த எண்ணெயை அளவு பிசகாமல் பீய்ச்சும் பம்பை பாஷ் நிறுவனம் 1927-இல் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அந்தப் பம்பும் முழுக்க யந்திர சாதனமே. ஆகவே பழைய டாட்டாவோ லேலண்டோ ஒருமுறை கிளம்பிவிட்டால், பேட்டரியைக் கழற்றி இறக்கி வைத்துவிட்டாலும் சேலம் வரையில் ஓடும். செல்ஃப் எடுக்கவில்லையா, நான்கு பேர் தள்ளினால் தீர்ந்தது. விளக்கும் ஹார்னும் வைப்பரும் எஞ்சினின் உறவினர்களே அல்லர், ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் என்ற மனோபாவம் இரண்டு தலைமுறை ஓட்டுநர்களிடம் ஊறிப்போயிற்று. எஞ்சின் மேஸ்திரிக்கு மரியாதை, பம்பு மேஸ்திரிக்கு அதைவிட மரியாதை, வயரிங் பார்க்கிறவர் கடைசியில் என்ற வரிசையும் அப்படி வந்ததே.

இனி விஷயத்துக்கு வருவோம். வீட்டுச் சுவரில் போவதுபோல் லாரியில் போகவும் வரவும் இரண்டு வயர்கள் கிடையா. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து வயர் ஒன்று விளக்குக்குப் போகும். திரும்பி வரும் வழி சேஸிஸ் இரும்புதான். தொழிலில் இதை 'பாடி எர்த்' என்பார்கள். செம்பு மிச்சமாகிற இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்து கூடவே பிறந்திருக்கிறது: மேலே ரப்பரோ பிளாஸ்டிக்கோ தேய்ந்துபோன வயர் வண்டியின் எந்த இடத்தில் இரும்பைத் தொட்டாலும், விளக்கு வரையில் போகவேண்டிய மின்சாரம் அங்கேயே இறங்கி, தடையேதுமின்றி வீடு திரும்பிவிடும். 24 வோல்ட்தானே, கையில் தொட்டாலும் ஒன்றும் செய்யாதே என்று சொல்வது தவறான தைரியம். மனிதனைக் கொல்ல அந்த வோல்ட் போதாது. வயரைப் பழுக்கக் காய்ச்ச அது தாராளமாகப் போதும். செல்ஃப் மோட்டாரைச் சுழற்ற ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும் பேட்டரிகள் அவை. இரும்பில் உரசும் வயருக்கும் அதே தாராளத்தோடு கொட்டும். செல்ஃபுக்குப் போகும் அந்தத் தடித்த கேபிளில் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூஸே இல்லை என்பதை இங்கே சொல்லிவைப்பது நல்லது.

ஷார்ட் என்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் கோளாறுகள் பலவிதம். ஃபியூஸைப் போட்டதும் 'டப்' என்று போய்விடும் கோளாறு, கேட்பதற்குப் பயங்கரமாயினும் கண்டுபிடிப்பதற்குச் சுலபமானது. அது எப்போதும் இருக்கிறது, ஓடி ஒளிவதில்லை. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் கிளம்பாமல் போகும்படி பேட்டரியைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும் கசிவு இன்னொரு வகை. ஆல்டர்நேட்டருக்குள்ளே ஒரு டயோடு கெட்டாலும் போதும், கடன் கொடுத்த கம்பெனி வண்டியைக் கண்காணிக்க மறைவில் மாட்டிவிட்டுப் போன ஜி.பி.எஸ். பெட்டியானாலும் போதும். மூன்றாவது வகை, வந்து வந்து மறைவது. மழையில் வரும், வெயிலில் போய்விடும். ரிவர்ஸ் கியர் போட்டால் வரும். கேபினைச் சாய்த்து நிமிர்த்தியபின் வரும். லோடு ஏற்றினால் வரும், இறக்கினால் போய்விடும். மின்பணியாளரின் மூளைக்கு உண்மையான வேலை இங்கேதான்.

நீலசந்திராவில் நான் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு தேடலைச் சொல்கிறேன். பின் பார்க் விளக்குகளின் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று ஒரு டேங்கர் வந்து நின்றது. ஏற்கெனவே வேறிடங்களில் பின்விளக்கு ஹோல்டர்களை மாற்றியாயிற்று, ஸ்விட்சையும் மாற்றியாயிற்று; மாற்றியவற்றுக்கெல்லாம் உரிமையாளர் பணமும் கொடுத்தாயிற்று. நம் மின்பணியாளர் வண்டியைத் தொடுவதற்கு முன் ஓட்டுநரைத்தான் தொட்டார். "தண்ணி ரொப்பின பின்னாலயா, ஊத்திட்டு வரும்போதா?" என்று கேட்டார். ஓட்டுநர் சற்று யோசித்து, "ரொப்பின பின்னாலதான் பாய். காலி வண்டியில ஒருநாளும் போனதில்ல" என்றார். "அப்ப காலி வண்டியை எதுக்கு கொண்டாந்த? போய் ரொப்பிகிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்தில் நின்றவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றிற்று. எனக்கோ, ஒரு சாஸ்திரீயமான பரிசோதனைக்கு முதல் விதியை அவர் அநாயாசமாகச் சொல்லிவிட்டதாகப் பட்டது: கோளாறு இல்லாத நேரத்தில் கோளாற்றைத் தேடக்கூடாது.

வண்டி நிரம்பி வந்தது. போன ஃபியூஸுக்குப் பதிலாக இன்னொரு ஃபியூஸை அவர் போடவில்லை. அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு பழைய ஹெட்லைட் பல்பை வயர் வைத்துக் கட்டினார். இந்தச் சிறு யுக்தியின் அருமையைச் சற்று விளக்க வேண்டும். ஃபியூஸ் போட்டால் ஷார்ட் இருக்கும்வரை போய்க்கொண்டேயிருக்கும். ஒரு டப்பா ஃபியூஸ் தீரும், தகவல் ஒன்றும் கிடைக்காது. 24 வோல்ட், 70 வாட் பல்பை நடுவில் வைத்தாலோ, வயர் முழுக்க இரும்பில் இறங்கியிருந்தாலும் மூன்று ஆம்பியருக்கு மேல் மின்சாரம் ஓட அந்தப் பல்பு விடாது, வயர் காயாது, அதேசமயம் ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும், ஷார்ட் விலகிய கணத்தில் மங்கிவிடும். ஆக, காவலும் அதுவே, சாட்சியும் அதுவே. அந்தப் பல்பை வண்டிக்கு அடியிலிருந்தும் தெரியும்படி தொங்கவிட்டுவிட்டு அவர் உள்ளே புகுந்தார்.

நடுவில் ஓரிடத்தில் கனெக்டரைக் கழற்றினார், பல்பு மங்கிற்று. ஆகவே கேபினிலிருந்து அதுவரை உள்ள பாதி நிரபராதி. மறுபடி மாட்டிவிட்டு, பின்பாதியின் நடுவிலிருந்த விளக்கு இணைப்பைப் பிரித்தார், பல்பு எரிந்துகொண்டேயிருந்தது. ஆகவே குற்றம் இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில். பாதியாக்கு, அதையும் பாதியாக்கு என்ற இந்த முறை கணித சாஸ்திரம் படித்தவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் புத்தகத்தில் வயர் நேராக ஓடும், வண்டியில் அப்படி ஓடாது. சேஸிஸ் சட்டத்தின் உட்புறமாக, ஏர் பைப்போடு சேர்த்துக் கட்டப்பட்டு, குறுக்குச் சட்டத்தின் ஓட்டைகளில் நுழைந்து, மண்ணும் பழைய கிரீஸும் அப்பிக்கிடந்த அந்த ஹார்னஸை ஒவ்வொரு கிளிப்பாக அசைத்து அசைத்துப் பல்பைப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு குறிப்பிட்ட இடத்தில் இழுத்தபோது பல்பு கண் சிமிட்டிற்று. டேங்க் உட்காரும் தாங்கிக்கும் சேஸிஸுக்கும் நடுவே, எப்போதோ கிளிப் ஒன்று உடைந்து, வயர் நழுவி உள்ளே போயிருந்தது. காலி டேங்க் அதை அழுத்தப் போதவில்லை. 12,000 லிட்டர் என்பது 12 டன். அந்தப் பாரம் உட்கார்ந்ததும் வயர் இரும்போடு இரும்பாகிவிட்டது. காலையில் தொடங்கிய வேலை, டேங்கரைக் காலி செய்து வந்து வயரை வெளியே எடுத்து, நைந்த இடத்தை வெட்டி ஒட்டி, மேலே ஸ்லீவ் போட்டு, உடைந்த கிளிப்புக்குப் பதில் இரண்டு கிளிப் அடித்து முடிய மாலையாகிவிட்டது. சாமான் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது. அப்புறம்தான் அந்த முழம் வயர்க் கேள்வி வந்தது. அவர் கேட்ட தொகையில் பாதியை வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போனார்.

உரிமையாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்றிரண்டு வண்டிகளைத் தவணையில் வாங்கி ஓட்டுகிற சிறு முதலாளிகள்தாம் இந்நாட்டு லாரித் தொழிலின் பெரும்பகுதி. வண்டி நின்ற நாளுக்குத் தவணை நிற்பதில்லை. அவர் பக்கத்து நியாயம் ஒன்றும் உண்டு: கைக்குப் புலப்படும் பொருளுக்குக் கொடுத்தால் ஏமாறவில்லை என்ற நிச்சயம் இருக்கிறது, தேடினேன் என்று ஒருவர் சொல்லும் நேரத்துக்குச் சாட்சி யார்? தெரியாதவர் மூன்று நாள் தேடினால் மூன்று நாள் கூலியா? இந்தச் சந்தேகத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் இதற்குப் பரிகாரம் கூலியை மறுப்பதல்ல, முன்கூட்டியே பேசிக்கொள்வது. இத்தனை நேரம் வரையில் பார்க்கிறேன், அதற்கு இவ்வளவு, கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்; அதற்கு மேலானால் கேட்டுக்கொண்டு தொடர்கிறேன் என்று வேலைக்கு முன்பே சொல்லிவிடுவதும், கிடைத்த இடத்தை வெட்டியெடுத்த வயரோடு உரிமையாளர் கையில் காட்டிவிடுவதும் கடினமான காரியங்கள் அல்ல. அமெரிக்காவில் பழுதைக் கண்டுபிடிக்கும் நேரத்துக்கென்று தனியாகப் பணம் வாங்குவது பட்டறைகளின் சாதாரண வழக்கம். நம் ஊரில் பரிசோதனை நிலையத்தில் ரத்தத்தைப் பார்த்துச் சொல்வதற்கு, நோய் ஒன்றும் இல்லையென்றே சொன்னாலும், பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தாம் இதே உரிமையாளர்கள்.

தேடலுக்குக் கூலியில்லை என்றால் என்ன நடக்கும் என்று நான் ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பழைய லாரியின் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாலும் தெரிந்துவிடும். பத்து ஆம்பியர் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் முப்பது ஆம்பியர் பச்சை உட்கார்ந்திருக்கும். அதுவும் போன இடத்தில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாள் சுற்றியிருக்கும், அல்லது வயரிலிருந்து உருவிய செம்பு இழை நேராகவே முறுக்கி விடப்பட்டிருக்கும். ஃபியூஸ் என்பது பல்பைக் காப்பாற்றுவதற்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. வயர் தாங்கும் அளவுக்குள்ளே தான் போய்விடுவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தடிப்பாக்கிவிட்டால், அடுத்த முறை போவது வயராகத்தான் இருக்கும். அது போகும்போது, டாஷ்போர்டுக்குப் பின்னாலும் டீசல் டேங்குக்குப் பக்கத்திலும் தன்னோடு கட்டப்பட்டிருக்கிற மற்ற வயர்களையும் சேர்த்துக்கொண்டு போகும்.

அப்புறம் வண்டி நடுச்சாலையில் எரியும்; மறுநாள் பத்திரிகைக்காரர்களாகிய நாம், மின்கசிவே காரணம் என்று தெரிகிறது என ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். விசாரணை தொடங்கவேண்டிய இடத்தில் அதை முடித்துவிடுகிற வரி அது. எந்த வயர், எங்கே உரசிற்று, அதற்கு எத்தனை ஆம்பியர் ஃபியூஸ், அதை யார் எப்போது மாற்றினார் என்று கேட்பாரில்லை. 2025 அக்டோபர் 14 அன்று ராஜஸ்தானில் ஜெய்சல்மேருக்கு அருகே தனியார் குளிர்சாதனப் பேருந்து ஒன்று எரிந்து 20 பேருக்கு மேல் மாண்டபோதும் முதற்செய்திகள் மின்கோளாற்றைத்தான் சந்தேகித்தன. நாடெங்கும் அதிர்ச்சி உண்டாயிற்று. பட்டறையில் தேடிய நேரத்துக்கும் கூலி கொடுங்கள் என்று மட்டும் எவரும் சொல்லவில்லை.

கோளாறுகள் விளையும் நிலத்தையும் பார்க்க வேண்டும். லாரியைத் தொழிற்சாலை முழுமையாகச் செய்து கொடுத்துவிடுவதில்லை. பெரும்பாலும் சேஸிஸாகவே விற்கிறது. பிறகு அது நாமக்கல்லுக்கோ திருச்செங்கோட்டுக்கோ சங்ககிரிக்கோ போய் பாடி கட்டிக்கொள்கிறது. நம் கொங்குநாட்டுத் தச்சரும் கொல்லரும் அதில் காட்டும் கைத்திறமைக்கு ஈடில்லை. மரமும் இரும்பும் அவர்கள் கையில் பேசும். ஆனால் தொழிற்சாலை போட்ட வயரிங் முடிகிற இடத்தில் பாடி கட்டுகிறவர் தம் வயரை முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றிவிடுகிறார் அல்லவா, அந்தச் சந்தியில்தான் வருங்கால ஷார்ட்டுகளில் பாதி கருக்கொள்கின்றன. அதன்மேல் பக்கவாட்டு விளக்குகள், சாமி படத்துக்கு மினுக்கும் மாலை, இரட்டை ஹார்ன், பாட்டுப் பெட்டி என்று ஓட்டுநரின் ஆசைகள் ஒவ்வொன்றாக ஏறும். ஒவ்வொன்றும் கிட்டத்தில் எந்த வயரில் மின்சாரம் கிடைத்ததோ அதையே கடித்துக்கொண்டு தொங்கும். ஓட்டுநரின் ஆசையைக் கண்டிப்பதற்கில்லை. மாதத்தில் இருபது நாள் அதுதான் அவருக்கு வீடு. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று சர்க்கார் விதித்திருப்பதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் மின்சாரச் சுமை கூடுகிறது என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும்.

அலட்சியத்துக்குக் காரணமாயிருந்த அந்தப் பழைய சுதந்திரமும் இப்போது போய்விட்டது. 2020 ஏப்ரல் முதல் வரும், பி.எஸ். 6 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில் எண்ணெயைப் பீய்ச்சுவதும், புகையைச் சுத்திகரிக்க யூரியாக் கரைசலைத் தெளிப்பதும் எல்லாம் கம்ப்யூட்டர் பெட்டியின் ஆணைப்படியே நடக்கின்றன. பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சேலம் போகிற காலம் மலையேறிவிட்டது. இங்கே ஒரு விசித்திரம் உண்டு. பல சென்சார்களுக்குப் பொதுவாக 5 வோல்ட் கொடுக்கும் மெல்லிய வயர் ஒன்று பெட்டியிலிருந்து கிளம்பிப் பல கிளைகளாகப் பிரிகிறது. அதில் ஒரு கிளை எங்கோ இரும்பில் உரசினால், அதைச் சார்ந்த அத்தனை சென்சார்களும் ஏககாலத்தில் ஊமையாகிவிடுகின்றன. ஸ்கேனரை மாட்டினால், அது இல்லை, இது இல்லை என்று வரிசையாகக் குறிகளைக் காட்டும். காட்டியதையெல்லாம் நம்பி ஒவ்வொரு சென்சாராக மாற்றிக்கொண்டு போகிறவர் உரிமையாளரின் ஒரு மாத வருமானத்தை விழுங்கிவிடுவார்; வண்டி சரியாகாது. ஒரே நேரத்தில் இத்தனை பேர் எப்படி ஊமையானார்கள், இவர்களுக்குப் பொதுவானது எது என்று ஒரு கணம் நின்று யோசிக்கிறவர், ஒவ்வொரு சென்சாரின் பிளக்கையும் கழற்றிப் பார்த்துக்கொண்டே போய், அந்த 5 வோல்ட் திரும்பி வருகிறதா என்று மீட்டரைக் கவனிப்பார். பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இரட்டை வயரும் அப்படியே. 1986-இல் பாஷ் நிறுவனம் வெளியிட்ட அந்த ஏற்பாட்டில் இரு கோடியிலும் 120 ஓம் தடை இருப்பதால், பேட்டரியைக் கழற்றிவிட்டு மீட்டரில் அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டன என்று அர்த்தம். பழைய ஹெட்லைட் பல்பை இந்த மெல்லிய வயர்களிடம் கொண்டுபோகக் கூடாது. கருவி மாறிவிட்டது; கேள்வி கேட்கும் முறையும் பாதியாக்கும் முறையும் மாறவில்லை.

ஆனால் இந்தத் தேடலுக்கு வண்டியின் மின்சுற்றுப் படம் வேண்டும். எந்த நிற வயர் எந்தப் பெட்டியின் எத்தனையாவது முனையிலிருந்து புறப்பட்டு எந்த கனெக்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் அந்தப் படத்தைக் கம்பெனிகள் தங்கள் சொந்த சர்வீஸ் நிலையங்களுக்கு மட்டும் கொடுத்து, சந்துக் கடைக்காரருக்கு மறைத்து வைக்கின்றன. இது பழைய வழக்குத்தான். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பழுது காணும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்ததற்காக 14 கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; விஷயம் மேல்முறையீடுகளுக்குள் புகுந்தது. 2012-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தார் இதே உரிமையை வாக்களித்தே சட்டமாக்கிக்கொண்டார்கள். நம் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழுவை அமைத்து, மோட்டார் வாகனங்களையும் அதன் நான்கு துறைகளில் ஒன்றாகச் சேர்த்தது. குழு அமைத்தது நல்லது. நீலசந்திராவின் மரமேஜையில் ஒரு படம் விரிந்து கிடப்பதை நான் இன்னும் காணவில்லை. சேஸிஸை விற்கும்போதே, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளும்படி, அந்த வண்டியின் முழு மின்சுற்றுப் படத்தையும் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதிகளில் ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன தடை? போட்டிக் கம்பெனிக்கு ரகசியம் போய்விடும் என்பார்கள். போட்டிக் கம்பெனி ஒரு வண்டியை வாங்கிப் பிரித்துப் பார்த்து வெகு நாளாகியிருக்கும்.

இன்னொரு காரியத்தைப் போக்குவரத்துத் துறை நாளைக்கே செய்யலாம். புதிய லாரிக்கு முதல் எட்டு ஆண்டுகள் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அந்தச் சோதனையில் விளக்கு எரிகிறதா, இண்டிகேட்டர் மினுக்குகிறதா என்று பார்க்கிறார்கள். தடித்த ஃபியூஸ் போட்ட வண்டியில் விளக்கு மிக நன்றாகவே எரியும். ஆகவே விளக்கோடு கூட ஃபியூஸ் பெட்டியின் மூடியையும் ஒருமுறை திறக்கச் சொல்ல வேண்டும். எந்தப் பொந்தில் எத்தனை ஆம்பியர் என்பது பெரும்பாலான வண்டிகளில் மூடியின் உட்புறத்திலேயே அச்சிட்டிருக்கிறது. பத்துக்குச் சிவப்பு, பதினைந்துக்கு நீலம், இருபதுக்கு மஞ்சள், முப்பதுக்குப் பச்சை என்று நிறமே சொல்லிவிடும். எழுத்துத் தெரியாதவரும் ஒப்பிட்டுவிடலாம், இரண்டு நிமிஷ வேலை. நிறம் மாறியிருந்தால், அந்தச் சுற்றில் ஷார்ட் தேடியாயிற்று என்று ஒரு மின்பணியாளர் கையெழுத்திட்ட ரசீது வரும்வரை எஃப்.சி. இல்லை என்று சொல்லிவிடட்டும். அந்த ரசீதில் பொருள் ஒன்றும் எழுதியிருக்காது, தேடிய நேரமும் அதற்குரிய கூலியும் மட்டுமே இருக்கும். அதையும் உரிமையாளர் கொடுத்தே தீர வேண்டியிருக்கும்.